பர்கண்டித் திராட்சையும் எச்சில் வாளியும்

யுத்தம் முடிந்து சுற்றுலாப் பயணிகள் மறுபடியும் கண்டிக்கு வரத் தொடங்கிய காலம். ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருந்த ஒரு ஹோட்டலில் மூன்று நாட்கள் மொழிபெயர்ப்பு வேலை செய்தேன். அந்த நாட்களை நினைத்தால் இன்றைக்கும் நாக்கின் அடியில் எச்சில் ஊறுகிறது. ஆசையில் ஊறுவது அல்ல. வாந்திக்கு முன்னால் ஊறுமே, அது.

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்பதுதான் இதற்கெல்லாம் காரணம். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போனபோது மூன்றாவது பாடமாக எதை எடுப்பது என்று தெரியாமல் எடுத்தது அது. பிறகு அதுவே சோறு போட்டது. ஒரு தனியார் பாடசாலையிலும், பின்னேரங்களில் வீட்டிலுமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பிரெஞ்சு இலக்கணப் பிரெஞ்சு. அதை வைத்துக்கொண்டு ஒரு பிரெஞ்சுக்காரரோடு நாள் முழுக்கப் பேசியதில்லை.

எங்கள் அப்பா டவுனில் சைவச் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தவர். வீட்டில் சாமி கும்பிடுவதைவிடக் கண்டிப்பானது எச்சில் பார்ப்பது. தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்கவேண்டும். யாராவது டம்ளரில் வாய் வைத்துவிட்டால் அம்மா அதைத் தனியாக எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பார். அண்ணன் கடித்த மாங்காயை நான் கடித்தது கிடையாது. இதில் சாதித் திமிரும் கொஞ்சம் கலந்திருந்தது என்பது வளர்ந்த பிறகு புரிந்தது. புத்திக்குப் புரிந்தது. வயிற்றுக்குப் புரியவில்லை.

ஹோட்டல் மானேஜர் வீட்டுக்கே வந்தார். கொழும்புத் தமிழர். நல்ல உயரம், கழுத்துப்பட்டி, அறை முழுக்க சென்ட் வாசம். கதிரையில் உட்கார்ந்ததும் விஷயத்துக்கு வந்தார்.

“மிஸ், பிரான்ஸ்ல இருந்து ஒருத்தர் வாறார். தலைமுறை தலைமுறையா வைன் செய்யிற குடும்பம். பர்கண்டி. அந்தப் பேரைக் கேட்டாலே வெள்ளைக்காரன் எழும்பி நிப்பான். எங்கட ஸ்டாஃபுக்கு வகுப்பு எடுக்கப்போறார். அவருக்கு இங்கிலீஷ் சரியா வராது. நீங்க பக்கத்துல நிண்டு சொன்னாப் போதும்.”

அம்மா உள் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “குடிக்கிற சமாச்சாரமாங்க?”

“இல்லம்மா, படிக்கிற சமாச்சாரம்” என்றார் மானேஜர், சிரித்துக்கொண்டே.

நான் சம்மதித்தேன். உண்மையைச் சொன்னால், ஆசையாகவே இருந்தது. பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருந்த ஒரு நாட்டை, அந்த நாட்டின் மண்ணைத் தெரிந்த ஒருவர் வாயால் கேட்கப் போகிறேன் என்று நினைத்தேன்.

முதல் நாள் காலை ஹோட்டல் வான் வந்து ஏற்றிக்கொண்டு போனது. சாப்பாட்டு மண்டபத்தில் மேசைகளை வகுப்பறை மாதிரிப் போட்டிருந்தார்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்பு வேஸ்ட்கோட்டும் போட்ட பரிசாரகர்கள், சமையலறை ஆட்கள் இரண்டு மூன்று பேர், பார் பொறுப்பாளர். முன்னால் ஒரு பெரிய மனிதர் நின்றார். சிவந்த கழுத்து, தடித்த விரல்கள், நகக்கண்களில் கழுவினாலும் போகாத கறுப்பு. சிரித்தபோது பற்களின் இடுக்கெல்லாம் ஊதா நிறம். பாக்கு மென்ற பற்களைப் பார்த்து வளர்ந்தவள்தான் நான். ஆனால் பாக்கின் சிவப்பில் ஒரு சூடு இருக்கும். இது ஆறிப்போன காயத்தின் நிறம்.

ஆனாலும் அவர் பேச ஆரம்பித்தபோது நான் மயங்கித்தான் போனேன். பர்கண்டியை அவர்கள் பூர்கோஞ் என்கிறார்கள். பிரான்சின் கிழக்குப் பக்கம், கடலே தெரியாத ஊர். அதன் நடுவே ஒடுங்கலாக ஒரு மலைச்சரிவு நீண்டு போகிறது. அதற்குப் பெயரே பொன் சரிவு. ஜன்னலுக்கு வெளியே தெரிந்த ஹந்தானை மலையைக் காட்டி, “இதில் பாதி உயரம்கூட இல்லை எங்களுடையது” என்றார். சரிவு கிழக்கைப் பார்த்திருப்பதால் காலை வெயில் முதலில் கொடிகளில் விழுமாம். உச்சியில் மண் மெலிந்து கிடக்கும். அடிவாரத்தில் ஈரம் தேங்கும். நடு இடுப்பில் இருக்கிற கொடிதான் ராணி. நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கல்மதில் கட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தனிப் பெயர் வைத்திருக்கிறார்கள். மதிலுக்கு இந்தப் பக்கத்துப் பழத்தில் ஒரு ருசி, அந்தப் பக்கத்துப் பழத்தில் வேறு ருசி. இந்த வித்தியாசங்களைப் பல நூறு வருடங்களுக்கு முன்னால் மடத்துத் துறவிகள் கண்டுபிடித்து எழுதி வைத்தார்களாம்.

பழங்கள் முக்கியமாக இரண்டு. கறுப்புப் பழத்துக்குப் பினோ நுவார் என்று பெயர். குலை சின்னது, பைன் மரத்துக் காய் மாதிரி நெருக்கமாக அடுக்கியிருக்கும். அதனால்தான் அந்தப் பெயர். தோல் மெல்லியது. வெயில் கூடினால் சுருங்கும், மழை கூடினால் அழுகும், பனி விழுந்தால் மொட்டிலேயே கருகும். “வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி, எதைச் சொன்னாலும் கோபம் வரும்” என்றார் அவர். நான் அதை ஆங்கிலம், சிங்களம், தமிழ் என்று மூன்று மொழியிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளைப் பழம் ஷார்டனே. அது எங்கே நட்டாலும் பிழைத்துக்கொள்ளும். கறுப்புப் பழத்தைப் பிழிந்தாலும் சாறு வெள்ளையாகத்தான் வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தோலோடு ஊறவைப்பதால்தான் சிவப்பாகிறதாம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம் அந்த மனிதர். பையிலிருந்து ஒரு வெள்ளைச் சுண்ணாம்புக் கல்லை எடுத்தார். தன் தோட்டத்துக் கல் என்றார். அதை நாக்கை நீட்டி, அடியிலிருந்து மேல்வரை நக்கினார். கண்ணை மூடி ரசித்தார். பிறகு முன்வரிசையில் இருந்தவனிடம் நீட்டினார்.

“நக்கிப் பாருங்கள். மண்ணின் ருசி தெரியாதவனுக்கு வைனின் ருசி தெரியாது.”

நான் அதை மொழிபெயர்க்கவேண்டியிருந்தது. பையன் மானேஜரைப் பார்த்தான். மானேஜர் தலையசைத்தார். அவன் நக்கினான். அடுத்தவன் நக்கினான். கல் கை மாறி, நாக்கு மாறி, பளபளவென்று ஈரமாகி வரிசை வரிசையாக வந்தது. என் மேசைக்கு வந்தபோது குறிப்புக் கடதாசியை வைத்துப் பிடித்து அடுத்த ஆளிடம் தள்ளிவிட்டேன். கடதாசியில் ஈரவட்டம் பதிந்தது. அதைக் கசக்கி எறிந்த பிறகும் விரல் நுனி குறுகுறுத்தது.

பிறகு ருசி பார்க்கும் பாடம். ஒவ்வொருவர் முன்னாலும் கண்ணாடிக் கிண்ணம். நடு மேசையில் ஒரு எவர்சில்வர் வாளி. ஒரு மிடறு வாயில் வாங்கி, உதட்டைக் குவித்துக் காற்றை உள்ளே இழுத்து, களகளவென்று சத்தம் வர அலசி, கன்னத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டி, வாளியில் துப்பவேண்டும். அவர் செய்து காட்டினார். ஒரே கோடாகப் பீய்ச்சியது சரியாக வாளி நடுவில் விழுந்தது. மற்றவர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லையே. விளிம்பில் விழுந்து வழிந்தது. தாடையில் நூலாகத் தொங்கியது. வாளிக்குள்ளே ஊதா நிறத் தண்ணீரும், அதன் மேல் நுரையும், நுரைக்குள்ளே கோழையும் மிதந்தன. நான் வாளிக்குப் பக்கத்தில்தான் நிற்கவேண்டியிருந்தது. அவர் அங்கே நின்றுதான் பேசினார்.

“மிஸ் நீங்களும் பாருங்க. வாயில வைக்காம எப்படி ட்ரான்ஸ்லேட் பண்றது?” என்றார் மானேஜர், எல்லோருக்கும் கேட்கும்படி.

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுத்தால் பட்டிக்காடு என்று நினைப்பார்களோ என்று ஒரு கூச்சம். வாங்கி வாயில் வைத்தேன். புளித்த தோசைமாவில் இரும்பாணி ஊறவைத்த மாதிரி ஒரு ருசி. ஈறு சுருங்கியது. பல் எல்லாம் கம்பளிபோலச் சொரசொரத்தது. துப்பவேண்டும் என்று வாளியை நோக்கிக் குனிந்தேன். உள்ளே மிதந்ததைப் பார்த்தேன். குனிந்தவள் அப்படியே நிமிர்ந்து, வாயில் இருந்ததை விழுங்கிவிட்டேன். துப்புவதற்குப் பயந்து குடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்து உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

இரண்டாம் நாள் மணம் பார்க்கும் பாடம். நல்ல பினோ நுவாரில் என்னென்ன மணங்கள் உண்டு என்று அவர் சொல்லச் சொல்ல நான் மாற்றினேன். செர்ரிப்பழம், ரோசாப்பூ. இங்கே வரைக்கும் பரவாயில்லை. கொஞ்சம் வயதானால் காட்டுத்தரையில் அழுகும் இலை, காளான், ஈரத்தோல், குதிரையின் வேர்வை. இன்னும் வயதானால் மாட்டுத் தொழுவம். கடைசியாக, வேட்டையாடிய மிருகத்தைச் சில நாள் தொங்கவிட்டால் வயிற்றிலிருந்து வருமே, அந்த வாடை. இதையெல்லாம் அவர் குறையாகச் சொல்லவில்லை, பாராட்டாகச் சொன்னார்! தமிழில் சொல்லும்போது நான் மணம் என்பதா, வாடை என்பதா, நாற்றம் என்பதா என்று தடுமாறினேன். பின்வரிசையில் ஒருவன், “மிஸ், அப்ப இது கெட்டுப்போனதுதானே?” என்று கேட்டான். அதைப் பிரெஞ்சில் சொன்னபோது அவருக்குக் கோபம் வந்தது.

அதன் பிறகு வைனைத் தெளியவைக்கும் முறையை விளக்கினார். பீப்பாயில் முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து ஊற்றுவார்களாம். அது கசடையெல்லாம் இழுத்துக்கொண்டு அடியில் போய்ப் படியும். அந்தக் காலத்தில் காளையின் இரத்தத்தை ஊற்றுவார்களாம். இரத்தம் என்ற சொல்லை நான் மூன்று மொழியிலும் சொல்லி முடித்தபோது நேற்று விழுங்கிய அந்த மிடறு நினைவுக்கு வந்தது. முட்டை கலந்த கேக் என்று தெரிந்தால் தட்டையே தள்ளிவைக்கிற வீட்டுப் பெண் நான். கேட்காமல் குடித்தது என் மடத்தனம்.

அதற்கும் மேல், திரையில் ஒரு படம் காட்டினார். ஆள் உயர மரத்தொட்டி. அதில் இடுப்பளவு பழக்கூழ், ஊதா நுரை. உள்ளே அரை நிர்வாணமாக அவரும் அவருடைய தம்பியும். முதுகு முழுக்க ரோமம், வேர்வை, அதில் ஒட்டிய பழத்தோல். பொங்கி மேலே வரும் தோலை உடம்பாலேயே மிதித்துக் கீழே அமுக்குவது அவர்கள் குடும்ப வழக்கமாம்.

“உடம்புச் சூட்டில்தான் சாறு விழித்துக்கொள்ளும்” என்றார். நான் அப்படியே சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கேடு உண்டு. மற்றவர் வாயில் மென்றதை வாங்கித் தன் வாயில் போட்டுத்தான் வெளியே தரவேண்டும்.

மறுபடி வாளி வந்தது. வரிசையில் ஒரு பரிசாரகரின் முறை வந்தபோது அவர் கிண்ணத்தைத் தொடவில்லை. அக்குறணைப் பக்கத்து முஸ்லிம் இளைஞர். வயது முப்பதுக்குள்தான் இருக்கும். முதல் நாளும் அவர் முன்னால் கிண்ணம் நிறைந்தபடியே இருந்ததை நான் கவனித்திருந்தேன்.

“சேர், எனக்கு இது ஏலா. நான் மணம் பாக்கிறேன், பேரெல்லாம் பாடமாக்கிறேன். வாயில வைக்க ஏலா.”

“முழுங்கச் சொல்லல்லையே. துப்பத்தானே சொல்றன்” என்றார் மானேஜர். “வாயில வச்சுத் துப்பினா என்ன பாவம்? ருசி தெரியாதவன் இனி டைனிங் ஹோல்ல வேலை செய்ய ஏலாது. பாத்திரம் கழுவப் போகலாம்.”

இளைஞரின் காது சிவந்தது. பிரெஞ்சுக்காரர் என்னைப் பார்த்தார். “என்ன தகராறு?”

மானேஜர் ஆங்கிலத்தில், “ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள்” என்றார்.

எனக்கு அந்த இடத்தில் பொய் சொல்ல மனம் வரவில்லை. இவருடைய மார்க்கத்தில் இது விலக்கப்பட்டது, வாயில் வைக்காவிட்டால் இவருடைய வேலை போகும் என்கிறார் மானேஜர் என்று உள்ளதை உள்ளபடி சொன்னேன். பிரெஞ்சுக்காரர் புருவத்தை உயர்த்தினார்.

“வேலையில் முக்கால்வாசி மூக்குதான். இவருக்கு மூக்கு இருக்கிறதல்லவா? போதும்.”

அதை மானேஜருக்குச் சொன்னேன். அவ்வளவுதான். ஒரு சொல்லில் முடிந்துவிட்டது. நானும் முதல் நாள் அப்படி ஒரு சொல் சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன். வாய்க்குள்ளே அந்தக் கம்பளிச் சொரசொரப்பு திரும்பி வந்தது.

மானேஜருக்கு முகம் கறுத்துவிட்டது. எல்லோர் முன்னாலும் ஒரு பரிசாரகருக்காக விட்டுக்கொடுக்க வேண்டி வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அந்த இளைஞரைக் கூப்பிட்டு, “உனக்குக் குடிக்க ஏலாது, சரி. வாளியைத் தூக்க ஏலும்தானே? இனி அது உன்ட பொறுப்பு” என்றார். இளைஞர் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிப் போனார். உள்ளே தளும்பிய சத்தம் மண்டபத்தின் கடைசிவரை கேட்டது.

மூன்றாம் நாள் பின்னேரம் தோட்டத்தில் விருந்து. ஊர்ப் பெரிய வியாபாரிகள், டாக்டர்கள், பயண முகவர்கள் எல்லோரும் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் நகைக்கடை வைத்திருந்தவரின் மனைவியும் பட்டுச்சேலையோடு வந்திருந்தார். என்னைக் கண்டதும், “நீயா? நல்லா முன்னுக்கு வந்துட்டே” என்று கையைப் பிடித்தார். வெயில் தாழ்ந்து, கீழே கண்டி வாவிக்கு மேலே புகைபோல மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. பார்க்க எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

தட்டுகளில் ஒரு சிவப்புப் பானம் வந்தது. உயரமான கிளாஸ்களில் அன்னாசித் துண்டு, தோடம்பழச் சுளை, கறுவாப்பட்டை. “எங்கள் ஹோட்டலின் கண்டியன் பஞ்ச். பர்கண்டி வைனில் செய்தது” என்று மானேஜர் அறிவித்தார். பிரெஞ்சுக்காரர் தன் வைனில் அன்னாசி மிதப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். மரியாதைக்காகக் கிளாஸைக் கையில் வைத்திருந்தார். எல்லோரும் அவருடைய வாழ்த்துரைக்குப் பிறகு குடிப்பதற்காகக் காத்திருந்தார்கள். அவசரக்காரர்கள் சிலர் உறிஞ்சத் தொடங்கிவிட்டார்கள்.

எனக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது. சமையலறைப் பக்கத்து நடைக்குப் போனேன். அந்த முஸ்லிம் இளைஞர் சுவரில் சாய்ந்து நின்றார். அவருடைய சட்டைக் கையில் ஊதாக் கறை.

“மிஸ், நீங்க அந்தப் பஞ்ச வாயில வெச்சிராதீங்க.”

“நான் குடிக்கிறதில்ல. ஏன், என்ன?”

“எப்பிடிச் செல்றதெண்டு தெரியல்ல.” நடையின் இரண்டு பக்கமும் பார்த்தார். “அது வாளியில இருந்தது மிஸ்.”

“எந்த வாளி?”

“துப்பின வாளி. ரெண்டு நாளும் துப்பினத, வெல கூடின வைன், கொட்ட வேணாமெண்டு செல்லி மானேஜர் குளிரறையில மூடி வெச்சாரு. இண்டைக்கு என்கிட்டத் தந்து வடி எண்டாரு. தேத்தண்ணி வடியால வடிச்சேன். இது எச்சில்தானே சேர் எண்டு கேட்டேன். அல்கஹோல்ல கிருமி எல்லாம் செத்துரும், நீயா குடிக்கப்போறே, ஒனக்கென்ன எண்டாரு.” சட்டைக் கையை மடக்கிக் கறையை மறைத்தார். “வடியில என்ன தங்கினதெண்டு செல்ல ஏலா மிஸ்.”

வெளியே மைக்கில் மானேஜர் என்னைக் கூப்பிடுவது கேட்டது. வாழ்த்துரைக்கு நேரமாகிவிட்டது.

போய்ப் பிரெஞ்சுக்காரர் பக்கத்தில் நின்றேன். அவர் கிளாஸை உயர்த்தினார். அங்கே கூடியிருந்தவர்களில் பிரெஞ்சு தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் நான் சொன்னேன்.

“ஐயா, இது உங்கள் வகுப்பின் வாளி. துப்பியதை வடிகட்டி ஊற்றியிருக்கிறார்கள்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் சொன்னது விளங்கியதா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம். அவர் கிளாஸை மூக்கருகே கொண்டுபோனார். மோந்தார். பிறகு கையை நீட்டிய தூரத்துக்குக் கிளாஸைத் தள்ளிப் பிடித்து மேசையில் வைத்தார். சிவந்த அந்தக் கழுத்து வெளுத்துப்போனது.

“சொல்லுங்கள்” என்றார். “எல்லோருக்கும் சொல்லுங்கள். இப்போதே.”

மைக்கை வாங்கினேன். ஆங்கிலத்தில் சொன்னேன். பிறகு சிங்களத்தில். கடைசியாகத் தமிழில். ஆங்கிலத்தில் அது வெறும் துப்பல். தமிழில் சொல்லும்போதுதான் எச்சில் என்ற சொல் வந்தது.

எவரும் அசையவில்லை. மானேஜர் சிரித்துக்கொண்டே மைக்கைப் பறித்தார்.

“சின்ன மொழிபெயர்ப்புப் பிழை. மன்னிக்கவேணும். வகுப்பில துப்பிப் பழகினதைப் பற்றி அவர் ஏதோ பகிடி விட்டிருக்கிறார். மிஸ்ஸுக்கு விளங்கல்ல. பாடசாலையில படிச்ச பிரெஞ்சுதானே.”

எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி பரவியதை நான் பார்த்தேன். அதை மறக்கமுடியாது. நம்புவதற்கு அவ்வளவு ஆவல். ஒரு டாக்டர் கிளாஸை மறுபடி உதட்டருகே கொண்டுபோனார். நகைக்கடைக்காரர் மனைவி, “அதானே” என்றார். பிரெஞ்சுக்காரர் கையை ஆட்டி ஏதேதோ கத்தினார். அவருடைய மொழி யாருக்கும் விளங்கவில்லை. விளங்கிய என்னை யாரும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அந்த இளைஞர் வந்தார். ஒரு கையில் வாளி, ஒரு கையில் வடி. புல்தரையின் நடுவே போட்டிருந்த வெள்ளைத் துணி விரித்த மேசையில் இரண்டையும் வைத்தார். முதலில் சிங்களத்தில் சொன்னார், பிறகு தமிழில்.

“மிஸ் செல்றது சரி. வடிச்சது நான். வேணுமெண்டா வந்து பாருங்க.”

யாரும் வந்து பார்க்கவேண்டியிருக்கவில்லை. வாளியின் ஓரத்தில் காய்ந்த ஊதா வளையங்களும், வடியில் ஒட்டியிருந்த சளிச்சவ்வும் தள்ளி நின்ற எனக்கே தெரிந்தன. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினார். அந்த டாக்டர் அந்தூரியம் தொட்டியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். ஒருவரைப் பார்த்து இன்னொருவர். தோட்டம் முழுக்க ஓங்கரிக்கும் சத்தம். புளித்த வைனும் அன்னாசியும் பித்தமும் கலந்த அந்த வாடைக்கு, இரண்டாம் நாள் கற்ற மணங்களில் எதையும் ஒப்பிட முடியாது. நான் வாந்தி எடுக்கவில்லை. எடுத்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

மானேஜர் இளைஞரின் சட்டையைப் பிடித்தார். “நாயே, என்ட ஹோட்டலை அழிக்கவா வந்தே?”

இளைஞர் அந்தக் கையை மெதுவாக விலக்கினார். வேஸ்ட்கோட்டைக் கழற்றி, மடித்து, வாளியின் மேல் போட்டார். வாசலை நோக்கி நடந்தார். எனக்கும் அங்கே வேலை இருக்கவில்லை. ஹோட்டல் வானைக் கேட்கவும் தோன்றவில்லை. அவர் பின்னாலேயே மலைப்பாதையில் இறங்கினேன். இருள் இன்னும் முழுதாக விழவில்லை.

“உங்க வேல போச்சே” என்றேன்.

“போனா போகட்டும். கைய ஏழு தரம் கழுவிட்டேன் மிஸ். இன்னும் நாறுது.” விரல்களை மூக்கருகே கொண்டுபோய்விட்டு இறக்கினார். “மாட்டுத் தொழுவம் எண்டு செல்லித் தந்தீங்களே. அது எவ்வளவோ நல்லம்.”

வாவியோரத்தில் ஒரு முச்சக்கரவண்டியை நிறுத்தி என்னை ஏற்றிவிட்டு, அவர் பஸ் நிலையத்துப் பக்கம் போனார்.

பிரெஞ்சுக்காரர் மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கும் காத்திராமல் கொழும்புக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். போலீசுக்கோ பத்திரிகைக்கோ எவரும் போகவில்லை. போனால், தான் குடித்ததையும் சொல்லவேண்டுமே. மானேஜர் அதே ஹோட்டலில் அதே கழுத்துப்பட்டியோடு இருந்தார். பிறகு கடற்கரைப் பக்கம் இதைவிடப் பெரிய ஹோட்டலுக்கு மாறிப் போனார் என்றார்கள். அந்த இளைஞர் மச்சானுடைய டைல்ஸ் கடையில் கொஞ்ச காலம் நின்றுவிட்டுக் கட்டாருக்குப் போனார். என்னை அதன் பிறகு எந்த ஹோட்டலும் மொழிபெயர்க்கக் கூப்பிடவில்லை. அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். பாதியிலேயே காதைப் பொத்திக்கொண்டு, “போதும்டி, நிறுத்து” என்றார்.

சில மாதங்கள் கழித்து, ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலில் நகைக்கடைக்காரர் மனைவியைச் சந்தித்தேன். திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பியவர் என்னைத் தூணோரமாகக் கூட்டிக்கொண்டு போனார். நன்றி சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

“நீ அன்னிக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதும்மா.”

“என்னங்க சொல்றீங்க?”

“தெரியாம இருந்திருந்தா குடிச்சிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்திருப்போம். ஒரு நோயும் வந்திருக்காது. இப்ப பாரு, எனக்கு எங்க போனாலும் ஒரு வாய்த் தேத்தண்ணி இறங்க மாட்டேங்குது. டம்ளரப் பாத்தாலே குமட்டுது. நீ சொன்னதாலதான இது?”

அவர் கோபமாகப் பேசவில்லை. உண்மையாகவே நொந்து பேசினார். கையில் அர்ச்சனைத் தட்டு. தேங்காய் மூடியில் கற்பூரக் கரி. அந்த வாளியைப் பார்த்தபோதுகூட எனக்கு இவ்வளவு அருவருப்பு வந்ததில்லை. துப்பியதைக் குடிக்கலாம், தெரியக்கூடாது அவ்வளவுதான் என்கிறார். அன்று தோட்டத்தில் கிளாஸோடு நின்ற அத்தனை பேரும் இதைத்தான் விரும்பியிருப்பார்கள் என்று அப்போது தோன்றியது.

அவரே பேச்சை மாற்றினார். “அது கிடக்கட்டும். நம்ம சின்னவள கனடாவுக்கு அனுப்பலாம்னு இருக்கோம். அவளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கிறியா?”

எனக்கு மறுக்கத்தான் வாய் வந்தது. ஆனால் பிள்ளை என்ன செய்தாள்? வரச் சொன்னேன். அடுத்த திங்கட்கிழமை பின்னேரம் வந்தாள். கெட்டிக்காரி. நன்றாகப் படித்தாள். பாடப்புத்தகத்தில் திராட்சைத் தோட்டத்தைப் பற்றி ஒரு பாடம் வரும். அதை மட்டும் நீயே வாசித்துக்கொள் என்று சொல்லிவிட்டு, அடுத்த பாடத்துக்குப் போனேன்.